இடப்பக்கம் மட்டும் காட்டிய படங்கள்: குறையுள்ள ஏஞ்சல் மீன்களை வாங்கி ஏமாந்த விவரம்

சில மாதங்களுக்கு முன், அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் ஏஞ்சல் மீன்களுக்கு வீட்டிலேயே குஞ்சு எடுத்து விற்கும் ஒருவரிடம், ஐந்து ரூபாய் நாணய அளவில் இருந்த எட்டு மீன்களை, ஒன்று 120 ரூபாய் என்ற விலையில் வாங்கினேன். ஏஞ்சல் மீனில் ஆண் எது, பெண் எது என்று சிறு வயதில் பிரித்தறிய முடியாது என்பதால், ஆறு அல்லது எட்டு மீன்களை ஒன்றாக வளர்த்து, அவை தாமாகவே ஜோடி சேரும் வரை காத்திருப்பதே வழக்கம். அதற்காகவே வாங்குகிறேன் என்பதை முதல் நாளே அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு மீனையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பினார். எட்டுப் படங்களிலும் மீன் இடப்பக்கத்தைக் காட்டியபடி நின்றது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பஸ் பார்சலில் தெர்மாகோல் பெட்டி காலையில் வந்து சேர்ந்தது. வெப்பம் சமமாவதற்காகக் கவர்களைத் தொட்டியில் மிதக்கவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான் ஒரு மீன் திரும்பியது. அதன் வலப்பக்கச் செவுள் மூடி பாதியோடு நின்றிருந்தது. நகத்தை ஒட்ட வெட்டியதுபோல அந்த விளிம்பு முடிய, உள்ளே இருக்க வேண்டிய செவுள் இழைகள் சிவப்பாக வெளியே தெரிந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து சுருங்கின. இப்படி மூன்று மீன்கள். நான்காவது மீனுக்கு, நூல்போல் நீண்டு தொங்க வேண்டிய வயிற்றுத் துடுப்புகள் இரண்டுமே இல்லை. ஐந்தாவது மீன் பக்கவாட்டில் பார்க்கச் சரியாகவே இருந்தது. மேலிருந்து பார்த்தபோதுதான் முதுகு வளைந்திருப்பது தெரிந்தது.

உடனே அவரை அழைத்தேன். “அண்ணா, உயிரோடதானே வந்துச்சு? செத்து வந்தாத்தான் நான் பொறுப்பு” என்றார். வலப்பக்கத்தை ஏன் காட்டவில்லை என்று கேட்டபோது சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கொல்ல மனசு வரலைண்ணா. உங்க வீட்ல அது பாட்டுக்கு வளந்துட்டுப் போகட்டும்” என்றார். மறுநாள் பாதிப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

பணத்தைவிட அந்தப் பதில்தான் என்னை வருத்தியது. ஏஞ்சல் மீன் ஒருமுறை முட்டையிட்டால் நூற்றுக்கணக்கில் குஞ்சு வரும். அவற்றில் சில குறையோடு பிறப்பதை எந்த வளர்ப்பாளராலும் முற்றிலும் தடுக்க முடியாது. நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு எடுப்பது, நீரை மாற்றாமல் நெருக்கி வளர்ப்பது, சத்தில்லாத தீவனம் எனக் காரணங்கள் பல. குறை பிறப்பது குற்றமில்லை. அந்த மீனை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் வேதனையைத் தான் ஏற்காமல், விவரம் சொல்லாமல், விலையும் வாங்கிக்கொண்டு இன்னொருவர் தலையில் கட்டுவதைத்தான் நான் குற்றம் என்கிறேன். மனம் வராதவர் அவற்றைத் தன் வீட்டுத் தொட்டியிலேயே ஆயுள் முழுவதும் வைத்திருக்கலாம், அல்லது குறையைச் சொல்லி, இதிலிருந்து குஞ்சு எடுக்காதீர்கள் என்றும் சொல்லி இலவசமாகக் கொடுக்கலாம். பலூன் மோலி போன்ற தொட்டி மீன்களில் முதுகெலும்பின் வளைவையே ஒரு ரகமாக விற்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அங்கே வாங்குபவர் கண்ணால் பார்த்துத்தான் வாங்குகிறார்.

வளைந்த முதுகு பிறவிக் குறையாகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை. மீன் காசநோய் என்று நாம் சொல்லும் மைக்கோபாக்டீரியத் தொற்றிலும் முதுகு வளையும், உடல் மெலியும். கையில் காயம் இருந்தால் அது மனிதரின் தோலுக்கும் தொற்றக்கூடும். அதனால் அந்த மீனை முதல் நாளே தனித் தொட்டிக்கு மாற்றி, கையுறை போட்டுக்கொண்டே பராமரித்தேன். இரண்டு வாரத்தில் அதன் வயிறு ஒட்டிப்போய்விட்டது. தீவனத்தை நோக்கி வரும், வாயருகே வந்ததும் உடல் ஒருபக்கம் சாய்ந்துவிடும். வேறு வழியில்லாமல் நாட்டு மருந்துக் கடையில் கிராம்புத் தைலம் வாங்கிவந்து, வெதுவெதுப்பான நீரில் விட்டுப் பால்போலாகும் வரை குலுக்கி, மீன் இருந்த சிறு பாத்திரத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். முதலில் மயங்கிச் சாய்ந்தது. மேலும் ஊற்றிய பிறகு செவுள் அசைவு நின்றது. நின்ற பிறகும் குறைந்தது பத்து நிமிடமாவது அந்த நீரிலேயே விட வேண்டும் என்பதால் கூடுதலாகவே காத்திருந்தேன். உயிரோடு கழிப்பறையில் கொட்டுவதும், குளத்தில் விடுவதும், ஃப்ரீசரில் வைப்பதும் இரக்கமாகத் தோன்றலாம். அவை இரக்கம் இல்லை. குஞ்சு எடுத்தவர் செய்திருக்க வேண்டிய வேலையை, அந்த மீன் மெலிந்து துன்பப்பட்ட பிறகு நான் செய்தேன்.

செவுள் மூடி குறைந்த மூன்றில் ஒன்று செவுளில் தொற்று வந்து இறந்தது. மற்ற இரண்டும் வயிற்றுத் துடுப்பில்லாத மீனும் நன்றாகச் சாப்பிடுகின்றன. அவை என்னிடமே இருக்கும், அவற்றிலிருந்து குஞ்சு எடுக்க மாட்டேன்.

சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தையில் தொட்டியின் முன் நின்று பார்த்து வாங்க முடியாதவர்கள், பணம் அனுப்பும் முன் இரண்டு பக்கமும், மேலிருந்தும், தீவனம் எடுக்கும்போதும் எடுத்த காணொளியைக் கேளுங்கள். தாய் தகப்பன் மீன்களையும் காட்டச் சொல்லுங்கள். குறையுள்ள குஞ்சுகளை என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். என்னிடம் அப்படி வருவதே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவரிடம் வாங்காதீர்கள்.