பூட்டிய காடா, அளந்து வெட்டும் காடா?

காட்டைக் காப்பாற்ற எது நல்லது: யாரும் மரத்தைத் தொடாமல் பூட்டி வைப்பதா, அளவாக வெட்ட விடுவதா? மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் பெட்டேன் பகுதியில் இந்தக் கேள்விக்கான இரண்டு விடைகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. 1990-இல் அறிவிக்கப்பட்ட மாயா உயிர்க்கோளக் காப்பகம், சுமார் 21 லட்சம் ஹெக்டேர். அதற்குள் இருக்கும் லகுனா தெல் தீக்ரே தேசியப் பூங்காவில் சட்டப்படி ஒரு மரத்தையும் தொடக்கூடாது. ஆனால் மாட்டுப் பண்ணைக்காரர்கள் தீ வைத்துப் பெரும்பரப்பை மேய்ச்சல் நிலமாக்கிவிட்டார்கள். அதே காப்பகத்தில் ஊஆக்சாக்தூன், கார்மெலிட்டா ஊர்மக்களிடம் நீண்டகால உரிமையோடு விடப்பட்ட காடு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அவர்கள் மகாகனியைத் தேர்ந்து வெட்டுகிறார்கள்; ஸாத்தே என்ற சிறு பனையின் ஓலை பறிக்கிறார்கள். காடு எரிந்தால் பிழைப்பும் போய்விடும் என்பதால் தீயை அணைக்கவும் அவர்களே போகிறார்கள்.

இதை வைத்துப் பூட்டே தப்பு என்று சொல்லிவிட முடியாது. அங்கேயே திக்கால் பூங்கா பூட்டப்பட்டும் நன்றாக இருக்கிறது. ஊருக்கு விட்ட சில பகுதிகளில் மாடுகள் புகுந்து உரிமமே ரத்தானது. காவலுக்கு ஆள் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

அளந்து வெட்டுவதிலும் முறை முக்கியம். போர்னியோவில் சுமார் 55,000 ஹெக்டேர் தெராமகோட் காடு 1997-இல், பொறுப்போடு பராமரிக்கப்படும் காடுகளுக்குத் தரப்படும் எஃப்.எஸ்.சி. சான்றைப் பெற்றது, ஒராங்குட்டான்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன. இம்முறையில் வெட்டப்போகும் மரங்களை முன்கூட்டியே கணக்கெடுப்பார்கள். மரங்களைப் பிணைத்திருக்கும் கொடிகளை மாதங்களுக்கு முன்பே அறுத்துவிடுவார்கள். இல்லையென்றால் ஒரு மரம் சாயும்போது நாலைந்தை இழுத்துக்கொண்டு விழும். எந்தப் பக்கம் சாய்ப்பது, எந்தத் தடத்தில் இழுப்பது என்பதும் முதலிலேயே முடிவாகும். கண்மூடித்தனமாக புல்டோசரை ஓட்டுவதோடு இதை ஒப்பிடவே கூடாது.

ஆனாலும் விலை உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒருமுறை வெட்டிய காட்டில் 85 முதல் 100 சதவீத இனங்கள் தங்குகின்றன, மரங்கள் சேர்த்துவைத்த கார்பனில் 76 சதவீதம் மிஞ்சுகிறது. அடுத்த வெட்டில் கிடைக்கும் மரமோ ஏறக்குறைய பாதிதான். இரண்டு வெட்டுகளுக்கு நடுவே விடும் முப்பது வருட இடைவெளி மெதுவாக வளரும் மரங்களுக்குப் போதவில்லை.

என் கட்சி இது: கோடரி படாத காட்டுக்குள் எந்தச் சான்றிதழோடும் நுழையக்கூடாது. ஏற்கெனவே வெட்டுப்பட்ட காட்டை, அங்கேயே வாழ்பவர்களிடம் நீண்ட உரிமையோடு கொடுக்கலாம். வெட்டு முடிந்ததும் லாரிப் பாதையை மறித்தே ஆகவேண்டும். வேட்டைக்காரரும் மாட்டுப் பண்ணைக்காரரும் உள்ளே வருவது அந்தப் பாதை வழியாகத்தான்.