எஸ்எஸ்டி வரி என்று சொல்லி என் கமிஷனில் கை வைத்தார்கள்: சலூனில் வேலை செய்யும் பெண்கள் கவனத்துக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு பெண்கள் சலூனில் பதினாறு மாதம் வேலை செய்தேன். கடைப் பெயரை இங்கே போடப்போவதில்லை. புகார் இன்னும் முடியவில்லை, ஊரும் சின்ன ஊர். ஆனால் இதே கணக்கை வேறு சில கடைகளிலும் போடுகிறார்கள் என்று தோழிகள் சொன்ன பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

சேரும்போது பேச்சு இதுதான். "நீ சம்பள ஆள் இல்லம்மா, பார்ட்னர் மாதிரி. செய்ற வேலையில பாதி உனக்கு, பாதி கடைக்கு." கலர், ரீபாண்டிங் (முடியை நேராக்குவது) இரண்டுக்கு மட்டும் சாமான் செலவு என்று 15 விழுக்காட்டைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு போடுவது. எழுத்தில் எதுவும் இல்லை. முதலாளி அக்காவும் நானும் கோயில் திருவிழாவில் ஒன்றாக நின்று அன்னதானம் பரிமாறியவர்கள். அவரிடம் போய் 'எழுதிக் கொடுங்கள்' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அங்கேதான் சறுக்கினேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் பிரச்சினை இல்லை. 2025 ஜூன் 9ஆம் தேதி, ஜூலை முதல் சேவை வரி (எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரியில் ஒரு பகுதி) இன்னும் பல துறைகளுக்கு விரிவாகிறது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்தப் பட்டியலில் அழகுச் சேவையும் இருந்தது, 8 விழுக்காடு. அக்கா பேப்பரில் வந்த செய்தியைக் கத்தரித்து, என் நாற்காலிக்கு எதிரே இருந்த கண்ணாடியின் மூலையில் செலோடேப் போட்டு ஒட்டினார். "பாத்துக்க, நான் போடல, கவர்மெண்டு போடுது." நானும் படித்தேன். செய்தி உண்மைதான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஜூலையில் இரண்டு மாற்றங்கள் வந்தன. கல்லாவில் வாடிக்கையாளர் பில்லில் 8 விழுக்காடு ஏறியது. மாதக் கடைசியில் எனக்குக் கொடுத்த கணக்குத் தாளிலும் 'எஸ்எஸ்டி 8%' என்று ஒரு வரி கழிந்திருந்தது. இரண்டையும் பார்த்தேன், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதற்கு முன்பிருந்த ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரிக் காலத்தில், 2015 முதல் 2018 வரை, எந்தக் கடையில் பில் வாங்கினாலும் அடியில் 6 விழுக்காடு நின்றதே, அந்தப் பழக்கம். வரி என்று எழுதியிருந்தால் கேள்வி கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

ஒரு ஃபேஷியலை வைத்துச் சொல்கிறேன். விலை 100 வெள்ளி (ரிங்கிட்). வாடிக்கையாளர் கட்டியது 108. பேசியபடி எனக்கு வர வேண்டியது 50. அக்கா போட்ட கணக்கில் முதலில் 100இலிருந்து வரிக்கு 8 போனது. அப்புறம் சாமான் செலவு 15. (கலருக்கும் ரீபாண்டிங்குக்கும் மட்டும் என்று பேசியது, ஜூலையிலிருந்து எல்லா வேலைக்கும் என்று ஆகிவிட்டது. அதையும் தனியாகச் சொல்லவில்லை, வரியோடு சேர்ந்தே வந்தது.) மீதி 77, அதில் பாதி 38 வெள்ளி 50 சென் என் கைக்கு. 108 வெள்ளி வாங்கிய வேலையில் 69.50 கடைக்கு. இதற்குப் பெயர் பாதிக்குப் பாதி.

அந்த 8 வெள்ளியை ஏற்கெனவே வாடிக்கையாளர் தனியாகக் கட்டிவிட்டார். அதே 8ஐ மறுபடி பொதுக் காசிலிருந்து எடுத்தால், ஒரே வரியை இரண்டு பேரிடம் வாங்கியதாகிறது. உண்மையிலேயே வரி இருந்தாலும் அது வாடிக்கையாளர் கட்டுவது, கடை வசூலித்துச் சுங்க இலாகாவிடம் கொடுப்பது. என் பங்குக்குள் வர அதற்கு வேலையே இல்லை.

சாமான் செலவைப் பற்றி ஒரு வார்த்தை. புருவம் திரெடிங் பத்து வெள்ளி. அதற்கும் 15 விழுக்காடு, ஒன்றரை வெள்ளி, சாமான் செலவு. திரெடிங்குக்கு என்ன சாமான்? ஒரு நூல்கண்டு. அந்த நூல்கண்டையும் நான்தான் தையல் கடையில் வாங்கி என் பையில் வைத்திருந்தேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். செம்பனை ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதும் ஒரு பெண் முடி வெட்ட வந்தார். கல்லாவில் கூட்டம், அக்கா உள்ளே ஒரு மணப்பெண்ணுக்கு ட்ரையல் பார்த்துக்கொண்டிருந்தார், நான்தான் பில் போட்டுக் கொடுத்தேன். அவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல எஸ்எஸ்டி நம்பர் எங்க?" என்றார். நான் முழித்தேன். "முடி வெட்டுக்கு வரியே கிடையாதே, அத எடுத்துட்டாங்களே" என்று சொல்லிக் கைப்பேசியில் காட்டினார். 2025 ஜூன் 27. நிதியமைச்சே அறிவித்திருந்தது: நகப் பராமரிப்பு, ஃபேஷியல், முடி திருத்தம் போன்ற அழகுச் சேவைகளுக்கு வரி இல்லை. கண்ணாடியில் ஒட்டிய செய்திக்குப் பதினெட்டு நாள் கழித்து வந்தது. ஜூலை பிறப்பதற்கு முன்பே அந்த வரி போய்விட்டது. அந்தச் செய்தியை யாரும் கத்தரிக்கவில்லை.

அன்று இரவே சுங்க இலாகாவின் மைஎஸ்எஸ்டி இணையத் தளத்தில் தேடினேன். சேவை வரி வசூலிக்கும் நிறுவனம் சுங்க இலாகாவில் பதிந்திருக்க வேண்டும், பதிவு எண் பில்லில் இருக்க வேண்டும், பதிந்திருக்கிறார்களா என்று யார் வேண்டுமானாலும் அந்தத் தளத்தில் பார்க்கலாம். பில்லில் இருந்த வியாபாரப் பெயரைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. பதியாமல் வரி என்று வாங்குவதே குற்றம். இன்னொன்று: சேவை வரிக்குப் பெரும்பாலான துறைகளில் பன்னிரண்டு மாதத்தில் 5 லட்சம் வெள்ளி வியாபாரம் தாண்டினால்தான் பதிய வேண்டிய கட்டாயம் வரும். மாதம் நாற்பதாயிரத்துக்கு மேல். மூன்று நாற்காலிக் கடை, ஒரு நாற்காலியின் குஷனில் சிகரெட் சுட்ட ஓட்டை. சிரிப்புதான் வந்தது. (மசாஜ், வெல்னஸ் சென்டர் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அவை வரிப் பட்டியலில் தனியாக இருக்கின்றன.)

என்னிடம் ஒரே ஒரு ஆயுதம் இருந்தது, 555 என்று அட்டையில் போட்ட சின்ன நோட்டுப் புத்தகம். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பழக்கம் அது. தராசில் எத்தனை கிலோ என்று கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எழுதுவார், அம்மாவும் வீட்டுக்கு வந்து தன் புத்தகத்தில் எழுதுவார். "கிராணி எழுதுறது கிராணிக்கு, நாம எழுதுறது நமக்கு" என்பார். நானும் தினமும் செய்த வேலை, விலை, வாடிக்கையாளர் பெயர் எல்லாம் குறித்து வைத்திருந்தேன். ஜூலை முதல் அக்டோபர் வரை நான் செய்த வேலை கிட்டத்தட்ட 20,000 வெள்ளி, தீபாவளி மாதம் மட்டுமே 7,000. கணக்குக்கு 20,000 என்றே வைத்துக்கொள்வோம். வரி 1,600, சாமான் 3,000 கழித்துப் பாதியாக எனக்கு வந்தது 7,700. கலர், ரீபாண்டிங் வேலை 6,000 வெள்ளிக்கு இருந்தது, அதற்கு 900 கழிப்பது நியாயம், நான் ஒப்புக்கொண்டதுதான். அதைக் கழித்தாலும் எனக்கு 9,550 வர வேண்டும். ஆக 1,850 குறைவு. வாடிக்கையாளர்களிடம் வரி என்று வாங்கிய 1,600 தனி.

தீபாவளிக் கூட்டத்தின் நடுவில் சண்டை போட்டால் எனக்குத்தான் நஷ்டம் என்று மாதக் கடைசி வரை பொறுத்தேன். அப்புறம் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். அக்கா கோபப்படவில்லை, அதுதான் ஆச்சரியம். "எனக்கு மட்டும் தெரியுமா? பேப்பர்ல போட்டான், பிடிச்சேன்" என்றார். சரி, தெரியாமல் நடந்தது என்றே வைத்துக்கொண்டு, பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். குரல் மாறியது. "நீ சொந்தத் தொழில் பண்றவ. கம்ப்ளெய்ன் பண்ணப் போனா, இத்தன மாசம் ஏன் வருமான வரி கட்டலன்னு உன்னத்தான் புடிப்பாங்க."

ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு அந்த ஆலைக் கணக்குப் பெண்ணையே தேடிப் போனேன். அவர் ஒரு தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். வருடம் 24,000 என்று வை. தனிநபர் கழிவு 9,000 போனால் 15,000. முதல் 5,000க்கு வரி இல்லை, அடுத்த 10,000க்கு 1 விழுக்காடு, 100 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருந்தால் 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. ஆக கட்ட வேண்டியது ஒன்றுமே இல்லை. சொந்தத் தொழில் வருமானத்துக்கு பி பாரம், ஜூன் 30க்குள். அவ்வளவுதான். இல்லாத பூதத்துக்கு ஒரு வாரம் பயந்திருக்கிறேன்.

ஈப்போவில் தொழிலாளர் இலாகாவுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி வரியைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. எத்தனை மணிக்குக் கடைக்குப் போவாய், லீவு யாரிடம் கேட்பாய், விலையை யார் வைக்கிறார்கள், நாற்காலியும் ஸ்டீமரும் யாருடையது, வேறு கடையிலும் வேலை செய்தாயா என்று வரிசையாகக் கேட்டார். காலை பத்து மணிக்கு வராவிட்டால் பத்து வெள்ளி அபராதம் என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்ததைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் 101சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. குற்ற வழக்கு நடக்கும்போது, எழுத்து ஒப்பந்தம் இல்லாத நிலையில், நேரத்தையும் வேலை முறையையும் முதலாளி கட்டுப்படுத்தினால் அவர் தொழிலாளி என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, இல்லை என்று நிரூபிப்பது முதலாளி பாடு. என் புகார் அந்த வகை இல்லை. ஆனாலும் யார் தொழிலாளி என்று பார்க்கும்போது எழும் கேள்விகள் இவைதான்.

தொழிலாளி என்று முடிவானால் கமிஷனுக்கும் ஈபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) உண்டு. 2,000 வெள்ளிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, மாதம் 260 வெள்ளி. அதோடு சொக்சோ, வேலையில் அடிபட்டால் உதவும் காப்புறுதி. வேக்ஸ் கொட்டி என் மணிக்கட்டு வெந்தபோது கிளினிக் காசை நானே கட்டினேன். 'பார்ட்னர் மாதிரி' என்ற வார்த்தைக்கு எவ்வளவு விலை என்று அப்போதுதான் புரிந்தது.

பில் படங்களைச் சுங்க இலாகாவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நல்லவேளை, கைப்பேசியில் முப்பது நாற்பது இருந்தன. வேலையை விடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், வெளியே வந்த பிறகு ஒரு தாளும் கிடைக்காது.

இரண்டு வாரம் முன்பு அக்கா வீட்டுக்கே ஆள் அனுப்பினார். 800 வெள்ளி ரொக்கம், கூடவே 'எல்லாக் கணக்கும் தீர்ந்தது' என்று மலாயில் டைப் அடித்த ஒரு தாள். கையெழுத்துப் போட்டால் காசு. வந்தவருக்குத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலி போட்டு வேலை செய்கிறேன்.

போன சனிக்கிழமை பழைய வாடிக்கையாளர் ஒருவர் அந்தக் கடைக்குப் போய் வந்து புதுப் பில்லை எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். எஸ்எஸ்டி இல்லை. அதே இடத்தில், அதே எழுத்தில், 'சர்வீஸ் சார்ஜ் 8%' என்று இருக்கிறது. கண்ணாடியில் அந்தப் பேப்பர் துண்டு இன்னும் இருக்கிறதாம்.