மாரத்தஹள்ளி அவுட்லெட் கடைகள்: எது உழைக்கும், எது உதிரும்

பெங்களூரில் அவுட்லெட், அதாவது பிராண்டுகள் தள்ளுபடியில் விற்கும் கடை என்றதும் நம்மவர்கள் போவது மாரத்தஹள்ளிக்குத்தான். பாலத்தைச் சுற்றியும் வெளிவட்டச் சாலையில் கலாமந்திர் நிறுத்தம் பக்கமும் பிராண்டுக்கு ஒரு கடையாக நிற்கிறது. அங்கே வாங்கிய சட்டை, ஜீன்ஸ், ஷூ, பை என எல்லாவற்றையும் வருடக்கணக்கில் போட்டுத் துவைத்துப் பார்த்ததில் தெளிவானது ஒன்று உண்டு. வாசலில் எழுதியிருக்கும் தள்ளுபடி சதவீதத்தை விட, சரக்கு எத்தனை நாள் கிடங்கில் கிடந்தது என்பதே லாப நட்டத்தை முடிவு செய்கிறது. பருத்தித் துணிக்கு இரண்டு மூன்று வருடம் கிடந்ததால் பெரிய கேடு வராது. ரப்பர், பசை, நுரை, எலாஸ்டிக் சேர்ந்த பொருள்கள் அப்படியில்லை.

அதிகப் பணம் வீணாவது ஷூவில். பல ஷூக்களின் நடுச் சோல் பாலியூரிதேன் நுரையால் ஆனது. அது காற்றின் ஈரத்தை இழுத்து மெல்ல மெல்லச் சிதையும். பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். மேலே தோல் புத்தம்புதிதாக மின்னும், ஒரு மழைக்காலத்தில் போட்டு நடந்தால் குதிகால் துண்டு துண்டாக உதிரும். எடை குறைந்த ஈவிஏ நுரை இப்படி உதிராது, ஆனால் வருடம் ஏற ஏற இறுகி, மெத்தென்று இருந்த தன்மை போய்விடும். ரப்பர் சோலை மேல்தோலோடு சேர்த்துத் தைத்த ஷூ பழைய சரக்கானாலும் துணிந்து வாங்கலாம்.

பெட்டியின் லேபிளிலோ ஷூவின் நாக்குக்கு உட்புறச் சீட்டிலோ தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பாலியூரிதேன் சோல் இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்றால், பாதி விலை என்றாலும் விட்டுவிடுவதே நல்லது. தேதி கிடைக்காவிட்டால் சோலின் பக்கவாட்டில் நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுப்பு, மாவு போன்ற துகள், மயிரிழை விரிசல், இவற்றில் எது தெரிந்தாலும் வேண்டாம். பிறகு முன்பகுதியைக் கையால் வளைத்து, சோலும் மேல்தோலும் சேரும் கோட்டைப் பாருங்கள். பசை காய்ந்திருந்தால் அங்கே வாய் பிளக்கும். இரண்டு ஷூவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது கட்டாயம். ஒன்று மாதக்கணக்கில் விளக்கடியில் காட்சிக்கு நின்று வெளுத்திருக்கலாம், அல்லது ஒரு காலில் 8, மறு காலில் 9 என்று கலந்திருக்கலாம்.

செயற்கைத் தோல் பையும் ஜாக்கெட்டும் இதே கதைதான். துணியின் மேல் பூசிய மெல்லிய படலம் ஈரத்தில் சிதைந்து செதில் செதிலாக உரியும். கைப்பிடி தொடங்கும் இடம், ஜாக்கெட்டின் முழங்கை மடிப்பு, காலரின் உள்பக்கம் ஆகியவற்றை மடித்துப் பார்த்தால் முன்கூட்டியே விரிசல் தெரியும். உள்ளாடை, லெக்கின்ஸ், குழந்தைகளின் டிரவுசர் வாங்கும்போது இடுப்பு எலாஸ்டிக்கை முழுசாக இழுத்து விடுங்கள். உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டாலோ பழைய அளவுக்குத் திரும்பாவிட்டாலோ அது சில துவைப்புகளுக்கு மேல் தாங்காது. பாலிதீன் உறையில் நெடுநாள் இருந்த வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கோடுகள் மஞ்சளாகியிருக்கும். உறையைப் பிரித்து, மடிப்பை விரித்துப் பார்க்காமல் வெள்ளை எடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் நேர்மாறாக, நல்ல பருத்திச் சட்டை, குர்தா, லினன், தடித்த டெனிம் ஆகியவைதான் இந்தக் கடைகளின் உண்மையான பலன். முழுவிலைக் கடையில் வாங்கியதற்கும் இதற்கும் உழைப்பில் வித்தியாசம் தெரியாது. ஒரே ஒரு நிபந்தனை: அது உண்மையிலேயே போன சீசனின் மிச்சமாக இருக்க வேண்டும்.

ஏனென்றால் அவுட்லெட்டில் தொங்குவது எல்லாம் மிச்சச் சரக்கு கிடையாது. அவுட்லெட்டுக்கென்றே மலிவாகத் தைத்து வருவதும் உண்டு, குறை இருந்ததால் ஒதுக்கிய செகண்ட்ஸும் உண்டு, லேபிள் வெட்டிய ஏற்றுமதி மிச்சமும் உண்டு. விலைச்சீட்டில் உள்ள ஸ்டைல் கோட் எண்ணை, அதாவது அந்த மாடலின் அடையாள எண்ணை, செல்போனில் தேடுங்கள். முன்பு முழுவிலையில் விற்ற படம் வந்தால் அது மிச்சச் சரக்கு. வராவிட்டால் தையலைப் பாருங்கள். நல்ல சட்டையில் ஓர் அங்குலத்துக்கு 14 தையலுக்குக் குறையாது. கட்டம் போட்ட சட்டையில் பாக்கெட்டின் கட்டமும் உடம்பின் கட்டமும் ஒரே கோட்டில் சேரும். மலிவாகத் தைத்ததில் இந்த இரண்டிலும்தான் முதலில் கை வைப்பார்கள்.

செகண்ட்ஸ் என்றால் குறை எங்கே என்று தேடிப் பிடித்துவிட்டு வாங்கலாம், அதில் தவறில்லை. இரண்டு கையையும் சேர்த்து நீளம் பாருங்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழுபட்ட நூல் பாருங்கள், ஜீன்ஸைத் தொங்கவிட்டு பக்கத்தையல் முன்பக்கம் திருகி வருகிறதா என்று பாருங்கள். திருகிய காலை எந்தத் தையல்காரரும் நேராக்க முடியாது. பட்டன் விட்டிருப்பதும் ஓரம் பிரிந்திருப்பதும் ஐந்து நிமிட வேலை. முன்பக்கமும் கையும் ஒரே நிறம்தானா என்பதைக் கடை விளக்கில் நம்பாமல் வாசல் வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள்.

சைஸ் எழுத்தை நம்ப வேண்டாம். ஒரு பிராண்டின் 40, இன்னொன்றில் 42 மாதிரி இருக்கும், ஏற்றுமதிச் சரக்கில் இன்னும் மோசம். தீபாவளிக்கு சேலத்துக்கோ தருமபுரிக்கோ துணி எடுத்துப்போகிறவர்களுக்கு இது பெரிய சிக்கல், பண்டிகை முடிந்து திரும்புவதற்குள் மாற்றும் கெடு முடிந்துவிடும். அப்பாவுக்கு நன்றாகப் பொருந்தும் சட்டையைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை, தோள்பட்டையின் இரு தையல்களுக்கிடையே, பின்காலர் அடியிலிருந்து கீழ் ஓரம் வரை என்று மூன்று அளவுகளை அங்குலத்தில் கேட்டு வாங்குங்கள். பேன்ட்டுக்கு இடுப்பும் உள்கால் நீளமும் போதும். டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கடையில் அதே இடங்களில் அளந்தால் அரை அங்குலத்துக்குள் பொருந்திவிடும்.

இப்போது விலை. ‘50% + 20%’ என்றால் 70% ஆகாது, ரூ.2,000 சட்டை முதலில் ரூ.1,000, பிறகு ரூ.800, ஆக 60%. ‘இரண்டு வாங்கினால் இரண்டு இலவசம்’ என்பதில் இலவசமாகக் கழிவது விலை குறைந்த இரண்டுதான். ரூ.1,999-க்கு இரண்டும் ரூ.999-க்கு இரண்டும் எடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி 33% மட்டுமே. நான்கும் ஒரே விலையில் இருந்தால்தான் 50%. உங்களுக்கு நான்கு தேவையில்லை என்றால் நண்பரோடு சேர்ந்து ஒரே பில்லில் போடுங்கள். ஆனால் இத்தகைய பில்லில் தள்ளுபடி ஒவ்வோர் உருப்படிக்கும் பங்கு போடப்பட்டிருக்கும், ஒன்றைத் திருப்பினால் முழுவிலை வராது.

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. ரூ.1,999-இல் பாதி என்று சொல்லிவிட்டு, கல்லாவில் அந்தப் பாதியின் மேல் ஜிஎஸ்டி போட்டால் கேள்வி கேளுங்கள். தள்ளுபடி விலையின் மேல் தனியாக வரி வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையமே சொல்லியிருக்கிறது. அச்சிட்ட விலையை மறைத்து அதைவிட அதிக விலையில் ஸ்டிக்கர் ஒட்டுவதும் சட்டப்படி கூடாது. ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பிப் பாருங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், பொருளில் குறை இருந்தால் அது செல்லாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு சொல்லப்படாத நிலையில் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகமாகும். சைஸ் சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு இது பொருந்தாது, அங்கே கடையின் விதிதான். புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் மங்கும் தாளில் வரும் என்பதால் கடையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? முழுவிலைக் கடைகளின் சீசன் தள்ளுபடி ஜூன் கடைசி–ஜூலையிலும் டிசம்பர் கடைசி–ஜனவரியிலும் நடக்கும். அதில் விற்காதது இங்கே இறங்குவதால் ஆகஸ்டும் பிப்ரவரியும் தேர்வு அதிகம். மீடியம், லார்ஜ், இடுப்பு 32, 34 முதலில் தீர்ந்துவிடும். வார நாளில் கடை திறக்கும் நேரம் போனால் டிரயல் ரூமுக்கு வரிசை இருக்காது. மெஜஸ்டிக், தொம்மலூர், முருகேஷ்பாளையா பக்கமிருந்து 335இ பேருந்து போதும். மெட்ரோவில் வருபவர்கள் கே.ஆர்.புரத்தில் இறங்கி வெளிவட்டச் சாலைப் பேருந்தைப் பிடிக்கலாம். மாலை ஐந்துக்கு முன் கிளம்பிவிடுங்கள், அதற்குமேல் வெளிவட்டச் சாலையில் வண்டி நகராது.

வீட்டுக்கு வந்ததும் விலைச்சீட்டை வெட்டாதீர்கள். ஷூவை வீட்டுக்குள்ளேயே தரையில் அரை மணி நேரம் போட்டு நடந்து பாருங்கள், சோலில் அழுக்குப் படாதிருந்தால்தான் கடை விதிப்படி மாற்றக் கேட்க முடியும். அடர்நிற ஜீன்ஸின் உள்பக்கத் தையலில் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு, முதல் சில துவைப்புகளைத் தனியாக, குளிர்ந்த நீரில், உட்புறம் திருப்பிப் போட்டுச் செய்யுங்கள்.