"பார்த்துடலாம் தம்பி" என்று சொல்லும் ஹவுஸ் ஓனரிடம் கவனம்

சென்னையில் மேல்தளத்தில் வாடகை வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சண்டை போடும் ஓனரைக்கூடச் சமாளித்துவிடலாம். எதையும் மறுக்காமல் சிரித்துக்கொண்டே இழுத்தடிப்பவரிடம் மாட்டினால், சட்டத்தில் இருக்கிற உரிமைகூடக் கைக்கு வராது.

மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி. வாடகை 16,000, அட்வான்ஸ் 80,000. கோடையில் குடிவந்தபோது சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் படுக்கையறை சீலிங்கில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அது படர்ந்து படர்ந்து, ஃபேன் ராடு வழியாகத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. ஃபேன் போட்டால் கட்டில் முழுக்கத் தூவானம். அப்புறம் ஒரு ராத்திரி காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி செதில் செதிலாக உரிந்து கிடந்தது. ஓதம் ஸ்விட்ச் போர்டு வரை இறங்கியதால் மழை பெய்தாலே மெயின் ட்ரிப் ஆகும்.

ஓனருக்குப் போன் போட்டால் உடனே எடுப்பார், அதில் குறையே சொல்ல முடியாது. "மேஸ்திரி ஊருக்குப் போயிருக்காரு தம்பி, வந்ததும் பார்த்துடலாம்." அடுத்த வாரம் கேட்டால், "மழை விடட்டும், ஈரத்துல வேலை செஞ்சா நிக்காது." மழை விட்டது. "இப்பதான் ஒழுகலையே தம்பி, பொங்கல் கழியட்டும்." கடைசியில் ஒரு மேஸ்திரி வந்தார். மொட்டை மாடித் தரையில் பதித்த தட்டோட்டு இடுக்கெல்லாம் வாய் பிளந்து கிடந்தது. அதைக் கொத்திப் பூசாமல், மேலாகச் சிமெண்ட் பாலை ஊற்றிவிட்டுப் போய்விட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டில் இருந்த பக்கெட் எதுவும் மிச்சமில்லை, எல்லாம் சீலிங்குக்குக் கீழேதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் இரண்டாம் அட்டவணையில் யார் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று பிரித்தே எழுதியிருக்கிறார்கள். கட்டடத்தின் பழுது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங், வெள்ளையடிப்பது எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், தாழ்ப்பாள், உடைந்த கண்ணாடி போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பாடு. வீட்டுக்காரர் செய்ய மறுத்தால் நாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. குடியிருக்கவே முடியாத நிலையில், எழுத்தில் கேட்டும் செய்ய மறுத்தால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காலி செய்யலாம்.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் "மறுத்தால்" என்று ஒன்று நிற்கிறதே! நம்ம ஆள் எங்கே மறுத்தார்? ஒவ்வொரு தடவையும் சரி என்றுதான் சொன்னார், அதுவும் போனில். வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினால் நீலக் குறி விழும், பதில் மட்டும் வராது. ஐந்து நிமிஷத்தில் போன் வரும்: "பார்த்தேன் தம்பி, மனசுக்கே கஷ்டமா இருக்கு."

அக்ரிமெண்ட் விஷயம் இதைவிட மோசம். எழுதிய 90 நாளுக்குள் அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் அவர். பதியாத ஒப்பந்தம் சாட்சியமாக ஏற்கப்படாது என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. நான் ஆரம்பத்திலேயே பதியலாம் என்றேன். "20 ரூபாய் பத்திரம் போதும் தம்பி, நமக்குள்ள என்ன" என்று ஓனர் முடித்துவிட்டார். அந்த "நமக்குள்ள" எதற்கு என்று காலி செய்யும்போது புரிந்தது.

சாவியைக் கொடுத்துவிட்டு அட்வான்ஸ் கேட்டேன். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை, அதோடு "சுவர் டேமேஜ்" என்று 9,000 பிடித்தம். அவர் மொட்டை மாடி ஒழுகி, அவர் சுவர் ஊறி, அதற்கு நான் தண்டம் கட்ட வேண்டுமாம்! அக்ரிமெண்ட்டில் பெயிண்டிங் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. "இந்த ஏரியாவுல எல்லாரும் பிடிக்கிறதுதானே" என்றார். தேதியோடு எடுத்த போட்டோக்களைச் சேர்த்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு, "சுவர் டேமேஜ்" பணம் மட்டும் திரும்பி வந்தது. 16,000 போனது போனதுதான்.

மேல்தள வீடு பார்க்கப் போனால், ஹாலைப் பார்ப்பதற்கு முன் மொட்டை மாடி சாவியைக் கேளுங்கள். தட்டோட்டு இடுக்கில் புல் முளைத்திருக்கிறதா, தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறதா என்று பாருங்கள். சாவி இல்லை என்றால் வேறு வீடு பாருங்கள். அக்ரிமெண்ட்டைப் பதிந்த பிறகுதான் முழு அட்வான்ஸ். ஒழுகினால் போன் பேசிய கையோடு, "இன்று பேசியபடி இன்ன தேதிக்குள் சரிசெய்கிறேன் என்றீர்கள்" என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்.

அந்த வீட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து மறுபடி டு-லெட் போட்டாயிற்று. மடிப்பாக்கத்தில் வீடு தேடுகிறவர்கள், படுக்கையறை ஃபேனுக்கு மேலே சீலிங்கை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு டோக்கன் கொடுங்கள்.