லூமியில் இழுத்து விடும் சொல் விளையாட்டுகள்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுக்குச் சொல் விளையாட்டு தயாரிக்க, லூமி என்ற இலவசச் செயலி நல்ல தேர்வு. எச்5பி (தொட்டும் இழுத்தும் செய்யும் பயிற்சிகளுக்கான இலவச வடிவம்) பயிற்சிகளை இணையம் இல்லாமலே கணினியில் செய்து, தனி எச்டிஎம்எல் கோப்பாக எடுத்துவிடலாம். சிக்னல் வந்து வந்து போகும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து மேல் டிவிசன்களுக்கு (மலைமேல் உள்ள தோட்டப் பிரிவுகளுக்கு), இந்த ஒரு வசதிக்காகவே மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

முதலில் மாற்ற வேண்டியது திரை அளவு. சொல் அட்டையை இழுத்துப் பெட்டியில் விடும் 'டிராக் அண்ட் டிராப்' பயிற்சி 620க்கு 310 பிக்சல் என்ற அகலவாட்டத்தில் திறக்கும். பிள்ளைக்குக் கிடைப்பதோ அம்மாவின் போன். 360 பிக்சல் அகலத்துக்குள் அது ஒடுங்கும்போது 60 பிக்சல் அட்டை 35 ஆகிவிடும். விரலுக்குச் சரியாகப் பிடிபடாது. அளவை 360க்கு 540 என வைத்து, எந்த அட்டையையும் 48 பிக்சலுக்குக் குறையாமல் செய்யுங்கள். ஒரு திரைக்கு ஐந்து சொல் போதும்.

அட்டை அசையவே இல்லையா? அந்த அட்டையின் அமைப்பில், அதை விடக்கூடிய பெட்டி எதையும் நீங்கள் டிக் செய்திருக்க மாட்டீர்கள். சரியான பெட்டியை மட்டும் டிக் செய்தாலும் தப்பு: மற்றப் பெட்டிகள் அட்டையை ஏற்காது, வாசிக்காமலே பிள்ளை விடையைக் கண்டுபிடித்துவிடும். எல்லாப் பெட்டிகளையும் டிக் செய்துவிட்டு, சரியான விடையைப் பெட்டியின் அமைப்பில் தனியாகக் குறிக்க வேண்டும். எழுத்துக் கோப்பதிலும் கவனம் தேவை. 'பாப்பா'வில் பா இரண்டு தடவை வரும். இரண்டு அட்டையையும் இரண்டு இடத்துக்கும் சரி என்று குறிக்காவிட்டால், சரியாகக் கோத்த பிள்ளைக்கும் தவறு என்று காட்டும்.

தமிழுக்கென்றே உள்ள சிக்கல், வாக்கியத்தின் இடைவெளியில் சொல்லை இழுத்து வைக்கும் 'டிராக் த வேர்ட்ஸ்' பயிற்சியில்தான். நட்சத்திரக் குறிகளுக்கு இடையே எழுதும் சொல் அட்டையாகிவிடும். "பறவை *மரத்தில்* கூடு கட்டியது" என்று கொடுத்து, மற்ற அட்டைகளாகக் கூடை, கொழுந்து என்று வைத்தால் 'இல்' உருபே விடையைக் காட்டிக்கொடுக்கும். மரத்தில், ஆற்றில், பெட்டியில் என எல்லா அட்டையும் ஒரே உருபில் முடியட்டும். அப்போதுதான் பிள்ளை பொருளைப் பார்த்துத் தேடும். சின்ன வகுப்புக்கு, "கூடைக்குள் *கொழுந்து* இருக்கிறது" போல உருபு ஏறாத சொல்லை எடுப்பதே நல்லது.

படங்களை இணையத்தில் தேடாதீர்கள். கொழுந்துக் கூடை, இடுப்பில் கட்டும் படங்கு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, லயன் வீட்டு வாசல் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. போனில் எடுத்து, 300 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துச் சேருங்கள். எச்டிஎம்எல் கோப்புக்குள் போகும் படத்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், டேட்டா கார்டு போடும் வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

பெரிய குறை ஒலி. இழுக்கும் அட்டையில் எழுத்தோ படமோதான் வைக்கலாம். வாசிக்கத் தொடங்காத முன்பள்ளிப் பிள்ளைக்கு, பக்கத்தில் ஒருவர் சொல்லிக் கொடுக்காமல் இது உதவாது.

கோப்பை அனுப்பும்போது குரோமில் திறக்கும்படி ஒரு வரி எழுதிவிடுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் எச்டிஎம்எல் வியூவரில்தான் திறக்கும். அதில் ஜாவாஸ்கிரிப்ட் அணைந்திருப்பதால் பயிற்சி வராது, வெற்றுத் திரையைப் பார்த்து "கோப்பு பழுது" என்று பெற்றோர் அழித்துவிடுவார்கள்.