மூன்று குட்டி ரவுட்டரும் ஒரு பவர் பேங்கும்

செங்கோட்டையில் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் ஒருவரிடம் வேலை பார்க்கிறேன். ஃபைபர் இழுப்பது, ஓஎன்டி (ஃபைபர் வந்து முடியும் வீட்டுப் பெட்டி) மாட்டுவது, அவ்வளவுதான். நெட் வரவில்லை என்று யாராவது கூப்பிட்டால் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதுதான் என் மொத்த வித்தையும். வீட்டிலேயே பழகலாம் என்று போன சாரல் சீசனில் மைக்ரோடிக் எச்ஏபி லைட் என்ற குட்டி ரவுட்டர் மூன்று வாங்கினேன். பழசு, ஒன்று 1,200 ரூபாய். புனலூர் மச்சான் கொல்லம் ரயிலில் சிப்ஸ் பாக்கெட்டோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

முதலில் ஆசைப்பட்டது பழைய சிஸ்கோ 1841 ரவுட்டர் மேல். அது பெரிய பெட்டி, உள்ளே ஃபேன் வேறு. அப்படி மூன்றை அம்மா தூங்கும் அறைக்குப் பக்கத்தில் ஓடவிட முடியாது. இது உள்ளங்கையில் அடங்கும், சத்தமே கிடையாது. மைக்ரோ யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் கொடுத்தால் போதும். சாரல் காற்றில் கரண்ட் போனாலும் பவர் பேங்கில் சொருகிவிட்டு வேலையைத் தொடர்கிறேன்.

நான்கு போர்ட். 1-ஆம் போர்ட் வெளி இணைப்புக்கு, மற்றவை வீட்டுக்கு என்பது கம்பெனி அமைப்பு. இது தெரியாமல் முதல் நாளே வீட்டு நெட் வயரை 2-இல் சொருகிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்: "ஏலே, அந்த டப்பாவ அணைச்சாத்தான் நெட்டு வருமா?" போனில் பார்த்தால் 192.168.88 என்று தொடங்கும் முகவரி. வீட்டு ரவுட்டரை முந்திக்கொண்டு இந்தக் குட்டி எல்லோருக்கும் முகவரி வழங்கிக்கொண்டிருந்தது. இப்படித் தானாக முகவரி வழங்கும் வேலைக்குப் பெயர்தான் டிஹெச்சிபி. அது என்ன என்று எனக்கு உண்மையில் புரிந்தது அன்றுதான்.

எனக்கு அதிகம் பயன்பட்டது பிபிபிஓஇ, அதாவது வாடிக்கையாளரின் ரவுட்டர் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து நெட்டுக்குள் நுழையும் முறை. இதன் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் லைசென்ஸ் பெட்டியோடே வருவதால் பிபிபிஓஇ சர்வரும் உள்ளேயே இருக்கிறது. ஒன்றை எங்கள் ஆபீஸ் மாதிரியும் இன்னொன்றை வாடிக்கையாளர் வீடு மாதிரியும் வைத்தேன். பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டு, லாகில் என்ன வருகிறது என்று பார்த்தேன். அப்புறம் வயரைப் பிடுங்கி, அதற்கு என்ன வருகிறது என்று பார்த்தேன். எம்டியூ (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச பைட் அளவு) 1500-க்குப் பதில் 1492 ஆகக் குறைவதும், சின்ன பிங் (சோதனைப் பாக்கெட்) போய்ப் பெரிய பிங் மட்டும் மாட்டிக்கொள்வதும் கண்ணெதிரே நடந்தன.

ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் விலேன் பழகும்போது என்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டேன். லேப்டாப் மாட்டியிருந்த போர்ட்டை 20-ஆம் விலேனுக்கு மாற்றினேன், போர்ட்டுகளை உள்ளே இணைக்கும் பிரிட்ஜை அதில் சேர்க்க மறந்துவிட்டேன். நல்லவேளையாக சேஃப் மோடில் இருந்தேன். டெர்மினலில் கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் அது ஆன் ஆகும். தொடர்பு அறுந்தால் சுமார் 9 நிமிடத்தில் செய்த மாற்றங்களை ரவுட்டர் தானே திருப்பிவிடும். இந்த ஒரு வசதிக்காகவே இதை வாங்கலாம் என்பேன்.

குறைகளும் உண்டு. போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். ரேம் 32 எம்பி என்பதால் நிறைய ஏற்ற முடியாது. வீட்டுக்கு மெயின் ரவுட்டராக வைக்க நினைக்காதீர்கள். சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வு எழுதுகிறவர்களுக்கு இதன் கமாண்டுகள் உதவாது. அவர்களுக்கு கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழக இலவசமாகக் கிடைக்கும் பாக்கெட் டிரேசர் சாஃப்ட்வேரே சரி. ஆனால் அதில் வயரைத் தப்பான ஓட்டையில் சொருகி அம்மாவிடம் திட்டு வாங்க முடியாது.

போன வாரம் புளியரையில் ஒரு வீடு. ஹாலில் நெட் இருக்கிறது, மாடியில் இல்லை. மாடியில் இருந்த போனை வாங்கி முகவரியைப் பார்த்தேன். ஹாலில் ஒன்று, மாடியில் வேறொன்று. யாரோ ரெண்டாவது ரவுட்டர் வாங்கி, வயரை லேன் (வீட்டுப் பக்க) போர்ட்டில் சொருகியிருந்தார்கள். பிடுங்கி வேன் (வெளி இணைப்பு) போர்ட்டில் மாட்டினேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணல?" என்று அந்த வீட்டு அண்ணாச்சி சந்தேகமாகக் கேட்டார்.