என் வயதின் மீது பழிபோட்ட வயலின் ஆசிரியர்: பெரியவர்களான பின் கற்க வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

42 வயதில் வயலின் கற்றுக்கொள்ள விரும்பி, ஒரு தனி ஆசிரியரிடம் 14 மாதங்கள் சென்று வந்த எனக்கு நேர்ந்ததை, அதே ஆசையோடு இருக்கும் வேறு எவரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் நடந்துகொண்ட விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் நாளிலேயே, ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கொடுத்தால்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றார். கடையில் வாங்கினால் தரமில்லாததைத் தலையில் கட்டிவிடுவார்கள் என்று எச்சரித்து, தம்மிடம் இருந்த ஒரு வயலினை எனக்கு விற்றார். இரண்டுக்கும் ரசீது தரவில்லை. கற்றுத்தருபவரிடம் கணக்குக் கேட்பது மரியாதையாகாது என்று எண்ணி நானும் கேட்கவில்லை.

மூன்றாவது மாதத்திலிருந்து இடது கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கத் தொடங்கியது. தடிமனான ஜி தந்தியை அழுத்தி இருபது நிமிடம் வாசித்தால் மணிக்கட்டு வரை வலி ஏறியது. விரல் வைக்காமல் வாசிக்கும்போது ஏ தந்தி, சுருதி காட்டும் கருவியான ட்யூனரில் 440 ஹெர்ட்ஸ் என்று சரியாகக் காட்டும். விரலை வைத்தாலோ சுரம் ஒருமுறை நின்ற இடத்தில் மறுமுறை நிற்காது. இதை நான் சொன்னபோதெல்லாம் ஆசிரியர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "சின்ன வயசிலேயே வந்திருக்கணும். இந்த வயசுக்கு மேல விரல் இப்படித்தான் இருக்கும்." நான் அதை முழுமையாக நம்பினேன். என் குறையை ஈடுகட்டுவதாக நினைத்து, வலியோடு பயிற்சி நேரத்தை இரட்டிப்பாக்கினேன். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் மொத்தமாகக் கட்டினேன். போன பணத்தைவிட, என் கைகளை நானே குறைவாக எண்ணிக் கழித்த அந்த மாதங்களை நினைத்தால்தான் மனம் இன்னும் ஆறவில்லை.

வில்லுக்குப் புதிய முடி போடுவதற்காக, வயலின் பழுதுபார்க்கும் ஒருவரிடம் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. அவர் வயலினைக் கையில் வாங்கியதும் ஒரு சிறிய அளவுகோலை எடுத்து, தந்திகளை விரலால் அழுத்தும் நீண்ட பலகையான விரற்பலகையின் முனையில் அவை எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று அளந்து காட்டினார். முறையாக அமைத்த வயலினில் மெல்லிய ஈ தந்தி ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டரும், ஜி தந்தி 5.5 மில்லிமீட்டரும் மேலே இருக்கும். என்னுடையதில் அவை 5, 8 என்று இருந்தன. தந்தி அவ்வளவு உயரத்தில் இருந்தால், அதைப் பலகையில் தொடவைக்கக் கூடுதல் விசை வேண்டும் என்பதோடு, அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுரமும் ஏறிவிடும் என்று விளக்கினார். தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டான குதிரையைச் செதுக்கவே இல்லை. அதன் கால்கள் மேற்பலகையின் வளைவோடு பொருந்தாமல் நின்றன. உள்ளே குதிரையின் வலது காலுக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டிய சவுண்ட் போஸ்ட் இடம் மாறியிருந்தது. அது பசையால் ஒட்டப்படாமல் இறுக்கத்தால் மட்டுமே நிற்கும் சிறு மரத்துண்டு. அது நகர்ந்தால் ஒலி மங்கிவிடும். கருங்காலி என்று சொல்லி விற்கப்பட்ட விரற்பலகை, கறுப்புச் சாயம் பூசிய மெதுமரம். தந்திகளின் அடியில் அதற்குள் பள்ளம் விழுந்திருந்தது.

ஒரே பிற்பகலில் குதிரையைச் செதுக்கிச் சவுண்ட் போஸ்ட்டை நிமிர்த்திக் கொடுத்தார். சில வாரங்களில் வலி நின்றது. ஓராண்டாக வராத சுரங்கள், அதே விரல்களுக்கு வந்தன.

ஆசிரியருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது என்றே கருதுகிறேன், ஏனெனில் ஒவ்வொரு வகுப்பிலும் என் வயலினை வாங்கிச் சுருதி சேர்த்துத் தந்தவர் அவர்தான். ஆனால் ஒருமுறைகூட அதில் ஒரு பாடத்தை முழுமையாக வாசித்துக் காட்டவில்லை. வாசித்துக் காட்டுவதெல்லாம் தம்முடைய வயலினில்தான். தந்தியின் உயரத்தைப் பற்றிக் கேட்டபோது, ஆரம்பத்தில் விரல் வலுப்பெற உயரமான தந்தியே நல்லது என்றார்.

ஆகவே ஆசிரியரே வாத்தியத்தை விற்க முன்வந்தால், அவரோடு தொடர்பில்லாத ஒருவரிடம் காட்டி அளந்துபார்த்த பிறகே பணம் கொடுங்கள். உங்கள் வாத்தியத்திலேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் காரணம் கேளுங்கள். கட்டணத்தை மாதாமாதம் ரசீதோடு மட்டும் கட்டுங்கள். வலி இருப்பதாகச் சொல்லும்போது, கையையும் வாத்தியத்தையும் பார்க்காமல் வயதைப் பற்றிப் பேசுபவரிடம் அடுத்த வகுப்புக்குப் போக வேண்டாம்.

நான் எடுக்காத பத்து மாத வகுப்புகளுக்கான கட்டணத்தைத் திருப்பித் தருமாறு இரண்டு முறை எழுதிக் கேட்டேன். ரசீது இருந்தால் கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது.